குதிரைப் பாதைக்குள் ஒன்பது குழிகள்

எடின்பரோவிலிருந்து கிழக்கே சுமார் பத்து கிலோமீட்டர் போனால் மசல்பரோ என்ற கடலோர ஊர் வரும். அங்கே ஒரு குதிரைப் பந்தய மைதானம். குதிரைகள் ஓடும் பாதைக்கு உள்ளே, வெள்ளை வேலிகளுக்கு நடுவே, ஒரு கோல்ஃப் மைதானம் இருக்கிறது. மொத்தமே ஒன்பது குழிகள்தான். பந்தய நாளில் கோல்ஃப் கிடையாது. மற்ற நாட்களில் குதிரைப் பாதையைத் தாண்டிப் பந்தை அடிக்க வேண்டியிருக்கும். வேலியில் பட்டுப் பந்து எங்கே தெறிக்கும் என்பது அவரவர் ஜாதகம்.

இதில் வீட்டுக்காரர் யார், குடித்தனக்காரர் யார் என்று கேட்டால் கோல்ஃப்தான் வீட்டுக்காரர். குதிரைகள் இங்கே வந்தது 1816-ல். கோல்ஃபுக்கோ 1672-லேயே எழுத்து சாட்சி இருக்கிறது. அந்த சாட்சியும் வேடிக்கையானது. சர் ஜான் ஃபௌலிஸ் என்ற வக்கீல், மசல்பரோவில் கோல்ஃப் ஆடித் தோற்ற பணத்தைத் தன் கணக்கு நோட்டில் செலவாக எழுதி வைத்திருந்தார். அதற்கும் நூறு வருஷம் முன்னால், 1567-ல், ஸ்காட்லாந்து ராணி மேரி இங்கே ஆடியதாக ஒரு நம்பிக்கை உண்டு. ராணி கணக்கு எழுதவில்லை, வக்கீல் எழுதினார். அதனால் வரலாற்றில் வக்கீல் ஜெயித்துவிட்டார்.

மகள் எடின்பரோவில் வேலை பார்க்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்த என்னிடம், “அம்மா, கோட்டை பார்க்கலாமா, ஏரி பார்க்கலாமா?” என்று கேட்டாள். “மசல்பரோ” என்றேன். அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகு, “தாத்தாவுக்காகவா?” என்றாள்.

அப்பா ஒரு மலை ஊரில் கேடியாக இருந்தவர். அதாவது, கோல்ஃப் ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்துகொண்டு கூடவே நடப்பவர். பதிமூன்று வயதில் ஆரம்பித்து, முழங்கால் மறுக்கும் வரை நடந்தார். எந்த மேட்டில் பந்து எப்படி உருளும், எந்த மரத்தடியில் ஈரம் நிற்கும், எந்த துரை கோபக்காரர் எல்லாம் அத்துப்படி. ஆனால் அவர் வேலை பார்த்த இடத்தில் கேடிகள் மட்டையைத் துடைக்கலாம், தூக்கலாம், எடுத்துக் கொடுக்கலாம், ஆடக் கூடாது. அப்பா அதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு பால் பவுடர் டப்பாவைப் புதைத்தார். குழியின் அகலம் சரியாக நாலேகால் இஞ்ச் வர வேண்டுமென்று டப்பா டப்பாவாகத் தேடி, அளந்து, கடைசியில் ஒன்றைப் பிடித்தார். உடைந்த மட்டை ஒன்று, தேய்ந்த பந்து இரண்டு. எனக்கும் தம்பிக்கும் அதுதான் கோல்ஃப்.

அந்த நாலேகால் இஞ்ச் எங்கிருந்து வந்தது தெரியுமா? இதே மசல்பரோவிலிருந்துதான். 1829-ல் இங்கே குழி தோண்டுவதற்கென்றே ஓர் இரும்புக் கருவி செய்தார்கள். அதன் அகலம் நாலேகால் இஞ்ச். ஏன் அந்த அளவு என்றால், கையில் கிடைத்த வடிகால் குழாயின் அளவு அது என்று சொல்வார்கள். 1893-ல் அதையே எல்லா மைதானங்களுக்கும் விதியாக்கிவிட்டார்கள். இன்று உலகத்தில் எங்கே கோல்ஃப் ஆடினாலும் குழி மசல்பரோ குழிதான். எங்கள் முற்றத்து டப்பா உட்பட.

மைதானம் குட்டி. ஒன்பது குழிகளையும் சேர்த்தால் 2,874 கெஜம். இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கத்தரிக்காய் வாங்கச் சந்தைக்குப் போய்த் திரும்பும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலை இல்லை, ஏரி இல்லை, பெரிய மரம்கூட இல்லை. தட்டையான புல்வெளி, கடற்காற்று, ஒரு பக்கம் பந்தயப் பார்வையாளர் மாடம். படத்தில் பார்த்தால் ‘இதற்கா இவ்வளவு பேச்சு?’ என்று தோன்றும்.

குழிகளின் பெயர்களைக் கேட்டால் அப்படித் தோன்றாது. ஒன்றின் பெயர் ‘கல்லறைகள்’. 1547-ல் பக்கத்தில் நடந்த பிங்கி போரில் செத்த வீரர்களை அங்கே புதைத்ததாகச் சொல்கிறார்கள். ஒன்று ‘குளியல் வண்டி’; கடலில் குளிக்க வந்தவர்கள் உடை மாற்றும் வண்டி நின்ற இடமாம். இன்னொன்று ‘கேஸ்’. பக்கத்தில் கேஸ் தொழிற்சாலை இருந்ததால் அந்தப் பெயர். ஊரில் என்ன இருந்ததோ அதுவே பெயர். அலங்காரம் எதுவுமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மீன்காரப் பெண்களின் கதை. மீன் கூடையை முதுகில் சுமந்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு எடின்பரோ வரை நடந்து விற்ற பெண்கள் அவர்கள். விடுமுறை நாட்களில் கோல்ஃப் ஆடுவார்கள் என்று 1790-களிலேயே அந்த ஊர்ப் பாதிரியார் அலெக்ஸாண்டர் கார்லைல் எழுதியிருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை கால்பந்தும் உண்டு: கல்யாணமானவர்கள் ஓர் அணி, ஆகாதவர்கள் ஓர் அணி. எப்போதும் கல்யாணமானவர்கள்தான் ஜெயிப்பார்களாம். இதற்கு விளக்கம் வேண்டுமா என்ன!

1810 டிசம்பரில் அங்கிருந்த கோல்ஃப் சங்கத்து ஆண்கள் கூடி, புத்தாண்டுப் போட்டியில் நன்றாக ஆடும் மீன்காரப் பெண்ணுக்குப் பரிசு என்று தீர்மானம் போட்டார்கள். பெண்களுக்கான கோல்ஃப் போட்டி என்று உலகத்தில் பதிவான முதல் சம்பவம் அதுதான் என்கிறார்கள். பரிசு என்ன? புது மீன் கூடை ஒன்று, சால்வை ஒன்று. கூடவே பார்சிலோனா பட்டுக் கைக்குட்டைகள். கோலப் போட்டியில் ஜெயித்தவருக்குக் குக்கர் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இங்கே யார் வேண்டுமானாலும் பணம் கட்டி ஆடலாம். இடம் உள்ளாட்சிக்குச் சொந்தம். உறுப்பினர் அட்டை, சிபாரிசுக் கடிதம் ஒன்றும் வேண்டாம். பழைய கால ஆட்டம் ஆட விரும்புகிறவர்களுக்கு ஹிக்கரி மரத்தில் கம்பு செய்த மட்டைகளை வாடகைக்குத் தருகிறார்கள். எனக்கு ஒரு செட் வாங்கினோம். அறுபத்திரண்டு வயசு, சுடிதார், மேலே மகளின் மழைக் கோட்டு. கவுன்ட்டரில் இருந்த பெண் என்னை மேலும் கீழும் பார்க்கவில்லை. “காற்று இருக்கிறது, தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்று மட்டும் சொன்னாள்.

முதல் அடியில் புல் பறந்தது; பந்து அங்கேயே இருந்தது. இரண்டாவது அடி ஓடியது. அப்பா குடைக் காம்பை வைத்துச் சொல்லிக் கொடுத்த பிடி, விரலுக்கு மறக்கவில்லை.

நாலாவது குழிக்குப் பெயர் ‘மிஸஸ் ஃபோர்மன்’. மைதானத்தை ஒட்டி அந்த அம்மாள் நடத்திய மதுக்கடையின் பெயர் அது. ஆடுகிறவர்கள் உள்ளே வரக்கூட வேண்டாம். சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாகவே தாகம் தீர்த்துக்கொள்வார்களாம். 1870-ல் டாம் மோரிஸும் வில்லி பார்க்கும் பந்தயம் கட்டி ஆடியபோது, வில்லியின் ஊர்க்காரர்கள் ரொம்பவே நெருக்கி வந்து தொந்தரவு கொடுத்தார்கள். டாம் பாதியிலேயே நடுவரோடு மிஸஸ் ஃபோர்மன் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். வெளியே வில்லி மீதிக் குழிகளைத் தனியாக ஆடி முடித்து, ‘ஜெயித்தது நான்’ என்றார். இருவருமே ஓப்பன் சாம்பியன்கள்! நம் தெரு கிரிக்கெட்டும் இதுவும் ஒரே ஜாதி.

அந்தக் குழிக்கு முன்னால் நின்று அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே மத்தியானம் மூன்றரை மணி. எண்பத்தாறு வயசு, காதும் கொஞ்சம் மந்தம். மைதானத்தைச் சுற்றிக் காட்டினேன். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா எதுவும் கேட்கவில்லை.

“காத்து எங்க இருந்து வருது?”

“கடல் பக்கம் இருந்துப்பா.”

“கடல் எந்தக் கைப் பக்கம்?”

“இடது கை.”

“அப்ப கொடியைப் பாத்து அடிக்காத. இடப் பக்கமாத் தள்ளி அடி. காத்து கொண்டாந்து விட்டுரும்.”

அடித்தேன். காற்று கொண்டுவந்து விடத்தான் செய்தது. ஆனால் பாதித் தூரம்தான் வந்தது. அது என் தோளின் பலம்.

“கேடி யாரு?” என்று கேட்டார்.

“உங்க பேத்திதான்.”

“பந்து விழுந்த இடத்துல இருந்து கண்ணை எடுக்காம நடக்கச் சொல்லு” என்றார். அவள் அப்படியே நடந்தாள்.

மீதி ஐந்து குழிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேரன் அழுதான், தூறல் போட்டது, மூன்று பந்துகள் தொலைந்தன.

இந்தக் குட்டி மைதானத்தில் ஓப்பன் சாம்பியன்ஷிப் ஆறு முறை நடந்திருக்கிறது: 1874, 1877, 1880, 1883, 1886, 1889. போட்டிக்கு 36 குழிகள் என்பது அப்போதைய கணக்கு. அதனால் இதே ஒன்பதை நான்கு சுற்று சுற்றினார்கள். 1891-ல் இங்கே ஆடிக்கொண்டிருந்த எடின்பரோ கனவான்கள் சங்கம், சொந்தமாக மியூர்ஃபீல்டில் ஒரு மைதானம் போட்டுக்கொண்டு கிளம்பியது. அடுத்த வருஷமே ஓப்பனும் பின்னாலேயே போய்விட்டது. பிறகு திரும்பி வரவேயில்லை.

போகாமல் இருந்தவர் பாப் ஃபெர்குஸன். மசல்பரோவில் பிறந்து, எட்டு வயதில் இங்கே கேடியானவர். 1880, 1881, 1882 என்று தொடர்ந்து மூன்று முறை ஓப்பனை ஜெயித்தார். 1883-ல் இதே இடத்தில் சமன் ஆகி, மறு ஆட்டத்தில் ஒரே ஓர் அடியில் தோற்றார். பிறகு டைபாய்டு வந்தது; போட்டி வாழ்க்கை முடிந்தது. அதற்கப்புறம் இதே புல்வெளியைப் பராமரித்தார், மறுபடியும் கேடியாகப் பை சுமந்தார்.

அன்று ராத்திரி இதை அப்பாவிடம் சொன்னேன். மூன்று தடவை ஜெயித்தார் என்ற இடத்தில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில்தான் கேட்டார்.

“அவ்வளவு ஜெயிச்சவன், திரும்பவும் பை தூக்கினானா?”

“ஆமாப்பா.”

கொஞ்ச நேரம் போன் அமைதியாக இருந்தது. கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை, யோசித்துக்கொண்டிருந்தார்.

“அவனுக்கு அங்க ஆடவும் விட்டாங்கல்ல?” என்றார்.

“விட்டாங்கப்பா.”

“அப்ப சரி” என்றார். “நீ நாலாவது குழியில எத்தன அடில போட்ட?”

ஒன்பது என்றேன். சிரித்துக்கொண்டே தம்பியைக் கூப்பிட்டு, அந்த எண்ணிக்கையை இரண்டு தடவை சொன்னார்.