பல்கேரிய மொழியும் பறங்கியர் பேச்சும்

பல்கேரிய மொழி குறித்து மொழியியலாளர் எழுதியவற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்குப் புளியந்தீவுதான் நினைவுக்கு வருகிறது. கருங்கடற்கரை நாடெங்கே, மட்டக்களப்பு வாவி எங்கே என்று வாசகர் கேட்கலாம். சற்றுப் பொறுத்தருள்க.

பல்கேரியன் ஒரு சிலாவிய மொழி. உருசியம், போலிஷ், செக் ஆகியவற்றின் உடன்பிறப்பு. அந்த உடன்பிறப்புகள் பெயர்ச்சொல்லை ஆறேழு வேற்றுமைகளில் உருமாற்றுகின்றன. பல்கேரியனோ விளியை வைத்துக்கொண்டு ஏனையவற்றை ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட்டுவிட்டது. பதிலுக்கு வேறொன்றைப் பெற்றுக்கொண்டது. 'கினிகா' என்றால் புத்தகம்; 'கினிகாதா' என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் அந்தப் புத்தகம். இவ்வாறு சுட்டைப் பெயரின் வாலில் ஒட்டும் வழக்கம் உருமேனியனிலும் அல்பேனியனிலும் உண்டு. அவை சிலாவியக் குடும்பத்தவை அல்ல; வெறும் அயலவர்.

இந்த ஒற்றுமையை 1829இலேயே கோப்பித்தார் என்ற சுலோவேனிய அறிஞர் எடுத்துரைத்தார். குருதி உறவில்லாத மொழிகளும் அயலுறவால் ஒரு கூட்டாகலாம் என்ற கருத்தைத் திரூபெத்ஸ்கோய் 1928இல் முன்வைத்தபோது, அவர் கையிலெடுத்த எடுத்துக்காட்டு பல்கேரியனே. அதே கருத்தைக் கொண்டு 1956இல் மரே எமனோ இந்தியாவை ஒரு மொழியியற் பிரதேசமாக வரைந்து காட்டினார். திராவிட மொழிகளில் தோய்ந்தவர் அவர். ஆக, பால்கனில் பிறந்த சிந்தனை நம் வாசலுக்கு வந்துவிட்டது. இனி வாவிக்கு வருவோம்.

புளியந்தீவிலுள்ள கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பறித்தனர். ஆனால் போர்த்துக்கேயரின் பேச்சை அவர்களால் பறிக்க முடியவில்லை. ஒல்லாந்தர் வீடுகளுக்குள்ளேயே அது புகுந்து குடியிருந்தது. பின்னர் ஆங்கிலேயர் காலத்தில் கொழும்புப் பறங்கியர் ஆங்கிலத்துக்கு மாறிப்போக, மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்ந்த தச்சர், கொல்லர், தையற்காரர் குடும்பங்களே அதைக் காத்து வைத்தன.

1970களில் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் மட்டக்களப்பில் தங்கி அந்தப் பேச்சை ஆராய்ந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தோரும் கண்டது பல்கேரியக் கதையின் மறுதலை. பல்கேரியன் அயலவரோடு பழகி வேற்றுமையை இழந்தது. போர்த்துக்கேயமோ, வேற்றுமை உருபுகளை ஐரோப்பாவிலேயே என்றோ தொலைத்துவிட்ட மொழி, தமிழரோடு பழகி அவற்றை மீண்டும் பெற்றது!

லிஸ்பனில் 'பரா' என்பது பெயருக்கு முன்னால் நிற்கும் தனிச்சொல். மட்டக்களப்பில் அது 'ப' எனத் தேய்ந்து, பெயருக்குப் பின்னால் நம்முடைய 'கு' போல ஒட்டிக்கொண்டது. ஜோனின் வீடு என்பது 'ஜோன்சு காசா'. முன்னது உடையவன், பின்னது உடைமை, தமிழின் வரிசையேதான். வினைச்சொல் வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விட்டது. 'எனக்குப் பசிக்கிறது' என்று நாம் நான்காம் வேற்றுமையிற் சொல்வதை அவர்களும் அவ்வாறே சொல்கின்றனர். இன்னும் நுட்பமானது ஒன்றுண்டு. 'மரம் வெட்டினான்' என்று உருபை விட்டுவிடும் நாம், 'தம்பி கூப்பிட்டான்' என்று அழைக்கப்பட்டவனைக் குறிப்பதில்லை. தம்பிக்கு 'ஐ' வேண்டும். மனிதரையும் பொருளையும் பிரிக்கும் இந்த வேறுபாடும் பறங்கியர் பேச்சில் ஏறியிருக்கிறது. பிறர் கூற்றை முடிக்க நாம் 'எண்டு' என்போம். அவர்கள் 'சொல்' எனப் பொருள்படும் போர்த்துக்கேய வினையை அதே இடத்தில் வைத்துக்கொண்டனர்.

எமது பத்திரிகைகளில் இத்தனை ஆண்டுகளாக மொழிக்கலப்பைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் சொற்பட்டியல்களே. கதிரை, அலுமாரி, பாண், துவாய், சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயம் தந்தவை என்று ஒரு பட்டியல். கட்டுமரமும் மிளகுதண்ணீரும் ஆங்கிலத்திற் புகுந்தன என்று, சற்றே பெருமையோடு, இன்னொரு பட்டியல். சொல் ஊரின் சந்தைக்கு வந்துபோகும் சரக்கு, எவரும் வாங்கலாம். இலக்கணம் அப்படியன்று. ஒரே பிள்ளை, ஒரே நாவால், இரண்டு மொழியும் பேசி வளர்ந்து, அதன் பிள்ளையும் அவ்வாறே வளர்ந்தால்தான் அது இடம்மாறும். நாம் பெருமைப்பட வேண்டியிருந்தால், ஓர் ஐரோப்பிய மொழி நம்முடைய வேற்றுமையைக் கற்றுக்கொண்டதற்கே பெருமைப்பட வேண்டும். ஆனால் நம்மவரோ அதைக் 'கொச்சைப் போர்த்துக்கேயம்' என்று தள்ளினோம். பேசியோரும் அதை நம்பிப் பிறர் முன் பேசக் கூசினர். பல்கேரியனுக்கு ஒரு நாடும் அரசும் பள்ளிக்கூடமும் இருந்தமையால் அதை எவரும் கெட்டுப்போன உருசியம் என்று சொல்லத் துணிவதில்லை. வேறுபாடு அவ்வளவே.

2004ஆம் ஆண்டுக் கடற்கோள் டச்பாரைத் துடைத்தெடுத்தது. பறங்கியர் குடும்பங்கள் பலரை இழந்தன. அதற்கு முன்பும் பின்பும் பலர் அவுஸ்திரேலியாவுக்குப் பெயர்ந்தனர். எஞ்சிய வீடுகளிற் பிள்ளைகளின் மொழி இன்று தமிழ். இலக்கணத்தைத் தந்த மொழியே அந்தப் பேச்சை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு உவப்பான செய்தியன்று.

ஸ்மித்தின் நூலை 1978இல் வெளியிட்டது லிஸ்பனன்று, திருவனந்தபுரத்துத் திராவிட மொழியியற் கழகம். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ குழுவினர் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் உரையாடல்களையும் பாடல்களையும் பதிவுசெய்து ஆவணக் காப்பகத்தில் வைத்துள்ளனர். நல்ல பணி. ஆனால் அந்தப் பேச்சின் பாதி தமிழ். அந்தப் பாதியைத் தமிழறிந்த காதுகள் கேட்டெழுத வேண்டும். பேசும் முதியோர் இருக்கும்போதே, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு மாணவராவது ஒலிப்பதிவுக் கருவியோடு டச்பாருக்கு பஸ் ஏறட்டும். தூரம் அதிகமில்லை.