எண்பதுக்கு இருபது

பெங்களூர் மல்லேஸ்வரத்திலோ காந்தி பஜாரிலோ காபிப் பொடிக் கடையைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. வறுபடும் கொட்டையின் வாசனையே தெருமுனையிலிருந்து வழிகாட்டிவிடும். கடை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. குறுகலான முன்பக்கம், ஓர் அரவை மெஷின், ரகங்களும் விலையும் எழுதிய பலகை, ஒரு தராசு. விற்பது ஏறக்குறைய ஒரே பொருள். பத்து நிமிடத்தில் மளிகைச் சாமானை வாசலுக்கே கொண்டுவந்து தரும் கம்பெனிகள் மொய்க்கும் நகரத்தில் இது எப்படிக் கட்டுப்படியாகிறது?

பாதி விடை கொட்டையிலேயே இருக்கிறது. பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் தாங்கும். வறுத்தால் சில வாரம். அரைத்துவிட்டாலோ, சில நாட்களிலேயே மணம் ஓடத் தொடங்கிவிடும். கிடங்கு, லாரி, அலமாரி என்று சுற்றி வரும் பாக்கெட் பொடி தோற்பது இங்கேதான். சிறு கடைக்காரர் கொட்டையைப் பச்சையாகவே இருப்பு வைக்கிறார், விற்குமளவுக்கு வறுக்கிறார், ஆள் வந்து நின்ற பிறகே அரைக்கிறார். சூடு ஆறாத பொட்டலத்தோடு வீட்டுக்குப் போகிறவரை விளம்பரம் எதுவும் அசைப்பதில்லை.

மறுபாதி, ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள தனிக் கணக்கு. ஒருவருக்குப் பீபரியும் பிளாண்டேஷன் ஏயும் சரிபாதி. (பழத்துக்குள் இரண்டாகப் பிளவுபடாமல் ஒற்றையாக உருண்டு விளைவது பீபரி.) இன்னொருவருக்கு டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கிப் பாலைத் தாங்க வேண்டும், அதனால் கொஞ்சம் ரொபஸ்டா. சிலர் சிக்கரி என்றாலே முகம் சுளிப்பார்கள். பலருக்கு எண்பதுக்கு இருபது. கும்பகோணத்துக் காபியில் வளர்ந்த தமிழ்க் குடும்பமும் உடுப்பிக்காரரும் ஒரே கல்லாவில் நின்று வெவ்வேறு பொடி வாங்கிப் போகிறார்கள். நாளடைவில் கணக்கு கடைக்காரருக்கு மனப்பாடமாகிவிடுகிறது. வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே கொட்டை தராசில் ஏறிவிடும்.

வீட்டு வியாபாரம் பெயரைத் தருகிறது என்றால், வாடகையைக் கட்ட வைப்பது பெரும்பாலும் ஹோட்டல்தான். எண்பதுகளில் இந்த ஊரில் முளைத்த தர்ஷினிகளில் நின்றபடியே குடிக்கும் காபிக்குத் தினமும் பொடி வேண்டும். அந்த வாடிக்கை இரண்டு மூன்று கையில் இருந்தால் கடை நிற்கும்.

1942ஆம் வருடத்துச் சட்டப்படி அமைந்த காபி போர்டின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. தோட்டக்காரர்கள் விளைச்சலைப் போர்டிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற ஏற்பாடு தொண்ணூறுகளில் படிப்படியாகத் தளர்ந்து, 1996இல் முடிவுக்கு வந்தது. பிறகு லண்டனிலும் நியூயார்க்கிலும் நிர்ணயமாகும் விலை நேராக மல்லேஸ்வரத்துத் தராசை ஆட்டத் தொடங்கியது.

2024இல் அது நன்றாகவே ஆட்டிவிட்டது. வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி. முந்தைய வருடத் தொடக்கத்தில் டன் 2,000 டாலர் அளவில் இருந்த ரொபஸ்டா, செப்டம்பரில் லண்டன் சந்தையில் 5,000 டாலரைத் தாண்டியது. கொட்டைக்குப் பேர்போன கர்நாடகமே உள்ளூர்க்காரருக்கும் உலக விலையில்தான் விற்கும். அதோடு ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் 150 முதல் 200 கிராம் வரை ஆவியாகப் போய்விடும். அந்த நஷ்டமும் இப்போது பழைய விலையில் இல்லை.

கடைக்காரரின் கைக்கு எட்டும் தூரத்திலேயே ஒரு சுலபமான வழி இருக்கிறது. குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் கிழங்காக விளையும் சிக்கரி, காபியைவிட மிகவும் மலிவு. கலவையில் 49 சதவீதம் வரை சட்டமே அனுமதிக்கிறது. அளவைப் பொட்டலத்தில் குறிப்பிட்டால் போதும். இருபதைச் சத்தமில்லாமல் முப்பதாக்கினால் பலகையில் விலையை மாற்ற வேண்டாம். ஆனால் மறுநாள் காலை ஃபில்டரே காட்டிக்கொடுத்துவிடும். நிறம் கறுக்கும், மணம் குறையும், நாக்கில் ஒரு கசப்பு தங்கும். முப்பது வருடமாக ஒரே கணக்கில் குடித்தவரை ஏமாற்ற முடியாது. அப்படிப் போனவர் திரும்பி வருவதுமில்லை. ஆகவே நிலைக்க நினைக்கும் கடைக்காரர் கணக்கைத் தொடாமல் பலகையில் விலையை அழித்து எழுதுகிறார். வாங்குகிறவரும் அதைப் பார்த்துக் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, அரைக் கிலோவுக்குப் பதில் கால் கிலோ கேட்கிறார்.