செல்போனில் ஒரு பி.டி. பீரியட்!

உவரியில் ஒரு தலைமுறைக்கு முன்பு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்பட்டதில்லை. கட்டுமரத்தைக் கடலுக்குத் தள்ளுவதும், துடுப்புப் போடுவதும், கரைமடி வலையை வரிசையாக நின்று இழுப்பதுமே உடம்பை முறுக்கேற்றிவிடும். பதினைந்து வயதுப் பையனும் அந்த வரிசையின் ஓரத்தில் நிற்பான்.

இப்போது ஃபைபர் வள்ளமும் இன்ஜினும் வந்துவிட்டன. உயிரைப் பணயம் வைக்கும் அந்த உழைப்பு குறைந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. பிள்ளைகள் படிக்கிறார்கள், பட்டம் வாங்குகிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம், டியூஷன், செல்போன் என்று நாள் முழுக்க உட்கார்ந்தே கழிகிறது.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் இறுக்கம். வயதுக்கு வரும்வரை மணலில் ஓடித் திரிந்தவளை, பிறகு பல வீடுகளில் வாசலோடு நிறுத்திவிடுகிறார்கள். "ஏட்டி, நீ இன்னும் சின்னப் புள்ளையா? உள்ள வா" என்று ஒரு குரல் வரும். அந்தோணியார் கோயிலுக்கும் சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் வரும் வெளியூர்க்காரர்கள் அதே மணலில் காலார நடக்கிறார்கள். உள்ளூர்ப் பெண்ணுக்குத்தான் அங்கே ஓட முடிவதில்லை.

இது ஓர் ஊரின் பிரச்னை மட்டுமல்ல. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிறுவனம் 146 நாடுகளின் விவரங்களை வைத்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவிகிதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. அதில் ஆண்கள் 78 சதவிகிதம், பெண்கள் 85 சதவிகிதம். எலும்பு உறுதிப்படும் வயதிலேயே உடம்பு சும்மா இருக்கிறது.

வெளியே போக முடியாத பிள்ளைக்குக் கையில் இருக்கும் போன் ஒரு வழி. தூரத்திலிருந்து பயிற்சி சொல்லித் தருவது புதிதும் அல்ல. ஜப்பானில் 1928-லேயே வானொலியில் உடற்பயிற்சி நிகழ்ச்சி தொடங்கிவிட்டது. 2020 ஊரடங்கில் பிரிட்டனின் ஜோ விக்ஸ் யூடியூபில் நடத்திய பி.டி. வகுப்பை ஒரே நேரத்தில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட திரைகளில் பார்த்தார்கள். நம் நாட்டிலும் அந்த ஏப்ரலில் 'ஃபிட் இந்தியா' இயக்கமும் சி.பி.எஸ்.இ.யும் சேர்ந்து மாணவர்களுக்கு நேரலைப் பயிற்சி நடத்தின.

தொடங்குவது சுலபம். முதல் நாள் ஆர்வம், மூன்றாம் நாள் தொடை வலி, பத்தாம் நாள் ஆப் இருக்கும் இடமே மறந்துபோகும். பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. பதிவு செய்த வீடியோவுக்கு அவள் முதுகு வளைந்திருப்பது தெரியாது. "நேத்து ஏன் வரல?" என்றும் அது கேட்காது.

ஜப்பானில் கோடை விடுமுறையில் பிள்ளைகள் காலையிலேயே பூங்காவில் கூடி, வானொலிக்கு ஏற்ப ஒன்றாகப் பயிற்சி செய்வார்கள். வந்தவர்களின் அட்டையில் முத்திரை குத்தப்படும். குரல் தூரத்தில் இருந்தாலும் பக்கத்தில் ஆள் இருக்கிறது. நம் கடற்கரைக்கும் இது தெரிந்த சங்கதிதான். வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு, களைத்த கையையும் சேர்த்து இழுக்க வைத்தது.

அதனால் வீட்டில் ஒரு பிள்ளை பயிற்சி தொடங்கினால், பக்கத்து வீட்டுத் தோழியையும் கூப்பிடச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் மூன்று பேர், ஒரு போன் போதும். ஆசிரியர் பார்த்துத் திருத்தும் நேரலை வகுப்பு கிடைத்தால் இன்னும் நல்லது. கடலோர வெக்கைக்கு வெயில் ஏறுமுன் செய்வது உத்தமம். முதலில் 15 நிமிடம் போதும்: கை கால்களைத் தளர்த்தி, கொஞ்சம் ஸ்கிப்பிங், தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றித் தண்டால். மெல்ல நேரத்தைக் கூட்டலாம். மாதவிடாய் நாள்களில் உடம்பு ஒத்துழைத்தால் நிறுத்த வேண்டியதில்லை. நெஞ்சுவலி, மயக்கம், அதிக மூச்சிரைப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

"மெலிஞ்சிட்டியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். போன மாதம் 20 முறை கயிறு தாண்டியவள் இப்போது 60 முறை தாண்டுகிறாளா என்று கேளுங்கள். அம்மாவும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றால், வீட்டில் மறுப்புக் குரலும் கொஞ்சம் தணியும்.

ஒரு மாதம் மாடியில் குதித்த பிள்ளைகளை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாக்களே கடற்கரைக்கு அழைத்துப் போகலாம். அன்றைக்குப் போன் வீட்டிலேயே இருக்கட்டும்.