சிறுகையும் சீறியாழும்

நம் வீட்டு அலமாரிக்குப் பின்னால் கித்தார் ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாய்ச் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. கம்பிகள் துருவேறிவிட்டன, உடலின்மீது தூசு படிந்து கிடக்கிறது. அதனை அங்கே ஒதுக்கியவர் யார் என்று கேட்டோர்க்கெல்லாம், "நம் மகன்தான், அவனுக்கு ஊக்கம் போதாது" என்று விடை கூறி வந்தோம். அவ்விடை பொய் என்பதை இவ்வாண்டிலேயே உணர்ந்தோம். உணர்ந்த பிழையை மறைத்து வைத்தல் முறையன்று. ஆதலின் எழுதத் துணிந்தோம்.

மகனுக்கு எட்டு வயது நிரம்பிய நாளில் அதனை வாங்கினோம். முழு அளவுள்ள மின்கித்தார். "வளர்கிற பிள்ளை, சிறியதாய் வாங்கினால் இரண்டு ஆண்டில் வீணாகும்" என்று கணக்கிட்டோம். இக்கணக்கு நாம் புதிதாய்க் கண்டதன்று. நம் தந்தையார் ஜொகூர்த் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். தீபாவளிக்கு நமக்கு அவர் எடுத்த சட்டை முழங்காலைத் தொடும். அடுத்த ஆண்டிற்கும் அதற்கடுத்த ஆண்டிற்கும் அஃதே தீபாவளிச் சட்டை. வறுமை வகுத்த அக்கணக்கைக் குறைகூற நமக்கு வாயில்லை. ஆனால் சட்டை பெரிதாயின் கையை மடித்துவிட்டுக்கொள்ளலாம். கித்தாரின் கழுத்தை மடிக்க முடியுமோ?

மகன் மூன்று மாதம் முயன்றான். முதல் மெட்டுக்கு எட்டக் கை நீட்டினால் தோள் இழுத்தது. தோளைத் தளர்த்தினால் விரல் எட்டவில்லை. விரல்நுனி சிவந்து வீங்கிற்று. "வலிக்கிறது அப்பா" என்றான். "வலிக்காமல் கலை வருமா?" என்றோம். அச்சொல்லை வீரம் என்று அன்று நினைத்தோம். நான்காம் மாதம் கித்தார் அலமாரிக்குப் பின்னே சென்றது. நாம் அவனைச் சோம்பன் என்றோம். அவனும் அதை நம்பினான். பிள்ளை நம்பிவிட்டான் என்பதே இக்கதையில் கொடிய பகுதி.

நிற்க. இவ்வாண்டு நம் தங்கையின் மகளுக்கு ஒன்பது வயது. "மாமா, எனக்கு ஒரு மின்கித்தார் வேண்டும்" என்றாள். தாய்மாமன் சீர் செய்யக் கடமைப்பட்டவன். காது குத்தும்போது பொன் தந்தோம். நாளை பட்டும் கேட்பார்கள். ஆனால் பிள்ளை தன் வாயால் தனக்கென்று ஒன்றைக் கேட்டது இதுவே முதல் தடவை.

சுற்றத்தார் கூடினர். எண்பதைக் கடந்த நம் பெரியம்மாள் முதலில் பேசினார்: "தம்பி, அந்தப் பணத்தில் அரைப் பவுன் வாங்கிப் போடு. ஆபத்துக்கு உதவும். பெண்பிள்ளை கித்தாரைக் கட்டிக்கொண்டு நின்றால் நாலுபேர் என்ன சொல்வார்கள்?" மற்றொருவர், "அந்நியர் கருவி நமக்கேன்? 1949இலேயே தோன்றிய இந்திய நுண்கலைக் கழகம் இங்கே இருக்கிறதே; வீணை கற்கட்டும்" என்றார்.

வீணைக்கு நாம் பகைவர் அல்லோம். அவள் வீணை கேட்டிருப்பின் வீணையே வாங்கியிருப்போம். ஆனால் அந்நியர் கருவி என்னும் வாதம் நில்லாது. இன்று கர்நாடகக் கச்சேரி எதனையும் வயலினின்றி நினைக்க இயலுமா? அது மேனாட்டிலிருந்து வந்ததன்றோ? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியார் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை நம் இசைக்குப் பழக்கினர். 1834இல் சுவாதித் திருநாள் மன்னர் வடிவேலுவுக்குத் தந்தத்தால் ஆன வயலினையே பரிசளித்தார். அந்நியம் என்று அன்று தள்ளியிருப்பின் இழப்பு எவருடையது?

அண்மைக் காலத்தில் இதனினும் பொருத்தமான சான்றுண்டு. ஆந்திர நாட்டுப் பாலகொல்லில் 1969இல் பிறந்த ஸ்ரீநிவாஸ், சிறுவனாய் இருந்தபோதே தந்தையார் வைத்திருந்த மாண்டலினை எடுத்தார். அக்கருவியில் கம்பி அதிரும் நீளம் ஏறக்குறைய 14 அங்குலமே. சிறுவன் கைக்கு அடங்குவது. அவருக்குக் கற்பித்த ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிக்க அறியார். அவர் வாயால் பாட, பிள்ளை அதனைக் கம்பியில் எடுத்தான். 1978இல் குடிவாடாவில் ஒன்பது வயதில் மேடை ஏறினார். இரட்டைக் கம்பிகளை ஒற்றையாக்கி, மின்னொலி சேர்த்து, கமகம் நிற்காது என்று கூறப்பட்ட கருவியில் கமகத்தை நிறுத்திக் காட்டினார். 2014இல் தம் நாற்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தபோது, அவர் வாசித்தது அந்நியக் கருவி என்று சொல்ல எவர்க்கும் நா எழவில்லை. சிறிய கருவி, மின்கருவி, ஒன்பது வயது: நம் மருமகள் கேட்டது இதனின் வேறோ?

பெண்பிள்ளைக்கு ஆகாது என்பதற்கு நாம் நீண்ட விடை கூறவில்லை. வீணையைப் பெண்ணுக்கு உரியதென்று ஒப்பும் வாய், அதே விரல்கள் தொடும் வேறொரு தந்திக் கருவியை ஒப்பாமை ஏன் என்று மட்டும் வினவினோம். பெரியம்மாளின் அச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் நமக்குத் தெரியும். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் கேலாங்கிலிருந்த ஹேப்பி வேர்ல்டில் பாடிச் சென்றபின் இந்நகர இளைஞர் பலர் மின்கித்தாரைக் கையிலெடுத்தனர். குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர் தோற்றுவித்த 'குவெஸ்ட்ஸ்' குழு 1964இல் 'ஷாண்டி' என்னும் இசைத்தட்டால் இங்கே முதலிடம் பெற்றது. பின்னர் 1970களில் நீள்முடியையும் ராக் இசையையும் ஒருங்கே ஐயுற்ற காலம் வந்தது. அக்காலத்தில் பிள்ளை வளர்த்தவர் அஞ்சுவது இயல்பு. ஆனால் அச்சத்தின் காலம் முடிந்த பின்னும் அச்சம் மட்டும் வாழ்தல் இயல்பன்று.

ஞாயிற்றுக்கிழமை தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கிக் கொடுத்துவிட்டு, சிராங்கூன் சாலை நகைக்கடைகளைக் கடந்து, குழந்தையுடன் பேருந்து ஏறினோம். புனித ஆண்டிரூஸ் தேவாலயத்துக்கு அருகே கோல்மன் தெருவில் உள்ள பெனின்சுலாக் கடைத்தொகுதி நெடுங்காலமாகக் கித்தார்க்காரர்களிடையே பேர்பெற்றது. அங்கே ஒரு கடையில் மலாய் இளைஞர் ஒருவர் நின்றார். நாம் வாய் திறக்குமுன் அவர் குழந்தையை முக்காலியில் அமர்த்தி, முழு அளவுக் கித்தாரை மடியில் வைத்து, முதல் மெட்டை அழுத்தச் சொன்னார். குழந்தையின் தோள் முன்னே இழுபட்டது, முழங்கை நிமிர்ந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நாம் கண்டும் காணாத காட்சி. அடுத்துச் சிறிய கித்தாரை வைத்தார். தோள் இறங்கிற்று, விரல் மெட்டின்மேல் தானே சென்று அமர்ந்தது. இளைஞர் ஒன்றும் பேசவில்லை. நமக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எனினும் வீட்டுக்கு வந்து கணக்கிட்டுப் பார்த்தோம்.

கித்தாரின் அளவு என்பது உடலின் பருமனன்று. கழுத்தின் தலைப்பிலிருந்து குதிரை வரை கம்பி அதிரும் நீளமே அளவு. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராடோகாஸ்டரில் அது 25.5 அங்குலம். சிறுவர்க்கான ஐபனீஸ் மைக்ரோவில் 22.2; ஸ்குவையர் மினியில் 22.75. மூன்று அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்போர் உளர். முழு அளவுக் கித்தாரில் முதல் நான்கு மெட்டுகள் ஏறக்குறைய 134 மில்லிமீட்டர் நீளம் பரந்து கிடக்கும், 22.2 அங்குலத்தில் 116. இடையிலுள்ள வேறுபாடு வளர்ந்தோர் விரல் ஒன்றின் அகலம். குழந்தையின் கைக்கு அவ்வொரு விரலே எட்டும் எட்டாமையின் எல்லை. அன்றியும், ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு மீட்டும்போது அதன் இழுவை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீளம் இவ்வாறு குறைந்தால் இழுவை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறையும். விரல்நுனி வீங்கியது ஊக்கக் குறைவாலன்று, எளிய இயற்பியலால் என்பதை அறிந்தபோது நமக்கு நேர்ந்த வெட்கம் சிறிதன்று.

சிறியது விளையாட்டுப் பொருள் என்று இகழ்வோருக்கும் விடையுண்டு. ஃபெண்டர் நிறுவனம் 1956இலேயே மாணவர்க்கென 22.5 அங்குலக் கித்தார்களைச் செய்தது. ஜான் லென்னன் 1960இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ரிக்கன்பேக்கரின் நீளம் 20.75 அங்குலமே, வளர்ந்த ஆடவரான அவர் அதனோடுதான் 1964இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார். அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் முன்னோர் யாழைப் பேரியாழ் என்றும் சீறியாழ் என்றும் பகுத்தனர். சீறியாழை ஏந்தியோர் சிறுபாணர் எனப்பட்டனர். அவர்க்கும் தனியே ஓர் ஆற்றுப்படை உண்டு. சீறியாழை விளையாட்டுப் பொருள் என்று எந்தப் புலவரும் இகழ்ந்தாரில்லை. இவையெல்லாம் ஏட்டில் படித்து மார்தட்டும் நாம், வீட்டில் குழந்தையின் கையில் பேரியாழைத் திணித்தோம்.

வாசகர்க்குப் பயன்படுமாறு சில கூறுவோம். முதலாவது, குழந்தையின்றிக் கருவி வாங்கச் செல்லற்க. பிறந்தநாளில் வியப்பூட்டும் பொருட்டு மறைத்து வாங்குதல் பெற்றோர்க்கே மகிழ்ச்சி; கைக்கு அன்று. இரண்டாவது, அமர்ந்தும் நின்றும் முதல் மெட்டை அழுத்தச் செய்க; முழங்கை வளைந்தே இருத்தல் வேண்டும். மூன்றாவது, கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்க்க. மெட்டின் முனை கீறினால் அக்கருவி ஆகாது. நான்காவது, பன்னிரண்டாம் மெட்டின் நேர்மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டுக; பின் அதே மெட்டில் அழுத்தி மீட்டுக. இரண்டும் ஒரே சுருதியில் ஒலித்தல் வேண்டும். இல்லையேல், குழந்தை சரியாக வாசித்தாலும் தவறாகவே கேட்கும். தன் காதையே ஐயுறும். ஐந்தாவது, குறுகிய நீளத்தில் கம்பி தொய்ந்து சுருதி அலையுமாயின், முதற்கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்குள்ள தொகுதியை நீக்கிப் பத்துப் பங்குள்ளதை மாட்டுக. பன்னிரண்டு வயதை அண்மிய பிள்ளைகள் பலருக்கு முழு அளவே பொருந்தும். வயதை நம்பாது கையை நம்புக.

மின்கித்தார் என்றால் அண்டை வீட்டார் முறையிடுவர் என்று அஞ்சவேண்டா. ஒலிபெருக்கியின்றி மீட்டினால் அதன் ஓசை அறையைத் தாண்டாது. ஹெட்போன் மாட்டும் வசதியுள்ள சிறு ஒலிபெருக்கி ஒன்று போதும். சுவரும் சுவரும் ஒட்டிய அடுக்குமாடி வீட்டில், குழந்தையொன்று தன் பிழைகளைத் தானே கேட்டுத் திருத்திக்கொள்ளும் தனிமை பெரிய கொடையன்றோ?

இரண்டாண்டில் சிறிய கித்தார் வீணாகுமே என்ற பழைய கணக்கு இப்போதும் நம் உள்ளத்தில் முனகுகிறது. அதற்கு நாம் கூறும் விடை இது: வளர்ந்தபின் அதனை வேறொரு குழந்தைக்குத் தரலாம்; விற்கவும் விற்கலாம். முழு அளவை வாங்கிப் பன்னிரண்டு ஆண்டு அலமாரிக்குப் பின் வைத்தோமே, அதற்குமேல் வீண் எது? கை எப்படியும் வளரும். ஆசை அதுவரை காத்திராது.

தேசிய சேவையிலிருக்கும் நம் மகன் சனிக்கிழமை வீடு வந்தான். அன்று தங்கை குடும்பமும் வந்திருந்தது. குழந்தை தான் கற்ற மூன்று சுரங்களை வாசித்துக் காட்டினாள். அவன் அச்சிறு கித்தாரை வாங்கி மடியில் வைத்து, முதல் மெட்டில் விரலை வைத்து, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "இப்படி ஒன்று அப்போதே இருந்ததா அப்பா?" என்றான்.

இருந்தது என்றோம். கேட்டறியாதது நம் பிழை என்றோம். நீ சோம்பன் அல்லை, அன்று உன் கை சிறியது, நம் அறிவு அதனினும் சிறியது, மன்னித்துவிடு என்றோம். தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்டல் நம் குடும்பங்களில் வழக்கமில்லை. பெரியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் இல்லாத நல்வழக்கை உண்டாக்குவதும் சீர்திருத்தமே. அதனை மேடையில் தொடங்குவதினும் வீட்டில் தொடங்குதல் கடினம்.

"விடுங்கள் அப்பா" என்று சொல்லி எழுந்து போனான். அடுத்த வாரம் வந்தபோது அவன் பையில் புதிய கம்பித் தொகுதி ஒன்று இருந்தது. முழு அளவுக் கித்தாருக்குரிய தொகுதி. அலமாரியை நகர்த்த நம்மையும் ஒரு கை கொடுக்கச் சொன்னான்.