செப்பேடும் வீடியோ நாடாவும்

திருமலைக் கோயிற் சுவர்களில் நம் முன்னோர் வெட்டிய தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றை இன்றும் காண்கிறோம். அன்னமாச்சாரியாரின் (1408–1503) தெலுங்குக் கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்று, அக்கோயிலினுள் ஒரு சிற்றறையில் நெடுங்காலம் அடைபட்டிருந்து, 1922-இல் வெளிப்பட்டன. அவர் பாடியவை 32,000 என்பது மரபு. கிடைத்தவை ஏறத்தாழ 12,000. பாடல்தோறும் இராகத்தின் பெயர் ஏட்டில் உண்டு. அவர் பாடிய மெட்டு இல்லை. இன்று நாம் கேட்பவற்றுட் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டு இசைவாணர்கள் அமைத்த மெட்டுகளே. செம்பு சொல்லைக் காத்தது. குரலைக் காக்க அதற்கு வழியில்லை.

குரலையும் உருவையும் ஒருங்கே காக்கும் சாதனம் நம் காலத்தில் வாய்த்தது. 1976-இல் ஜப்பானில் வெளிவந்த வி.எச்.எஸ். காசெட், தொண்ணூறுகளுக்குள் சித்தூர், திருப்பதித் திருமண மண்டபங்களுக்கும் வந்துவிட்டது. வேலூர், ஆர்க்காட்டுப் பக்கமிருந்து இங்கே குடியேறிய நம் குடும்பங்களின் பீரோக்களில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், அக்காசெட்டுகள் இன்றும் உறங்குகின்றன. அவற்றை ஓட்டும் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையில் ஒட்டிய காந்தத் துகள்தானே! ஈரம் பட்டால் வெண்பூஞ்சை படரும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பசை தளரும்.

என் தமக்கையின் திருமணம் 1994-இல் திருப்பதியில் நடந்தது. நலங்கின்போது பாட்டி பாடினார். காசெட்டில் அவர் உதடுகள் அசைகின்றன. காதில் விழுவதோ ஒரு சினிமாப் பாட்டு! படம் பிடித்தவர் அந்நாளைய வழக்கப்படி சடங்குகளுக்கெல்லாம் திரைப்பாடல்களைச் சேர்த்துத் தந்துவிட்டு, மூல நாடாவை அடுத்த திருமணத்திற்குப் பயன்படுத்திக்கொண்டார். பாட்டி 1999-இல் காலமானார். செப்பேட்டில் சொல் நின்றது, மெட்டுப் போயிற்று. எங்கள் காசெட்டில் உருவம் நின்றது, குரல் போயிற்று. அவர் பேசிய வட ஆர்க்காட்டுத் தமிழை என் பிள்ளைகள் கேட்க இனி வழியில்லை.

நாடாவை நாடாவில் படியெடுத்தால் ஒவ்வொரு முறையும் படம் மங்கும். டிஜிட்டல் கோப்பை நூறு முறை படியெடுத்தாலும் மூலமும் படியும் ஒன்றே. இது பெரும் பேறுதான். ஆயினும் கைபேசி தொலையலாம். ஹார்டு டிஸ்க் ஒரு நாள் சொல்லாமலே நின்றுவிடும். வாட்ஸாப்பில் அனுப்பும் வீடியோ சுருங்கித் தெளிவு குன்றும். ஓலைச் சுவடிகள் நம்மிடம் வந்து சேர்ந்தது ஓலையின் உறுதியாலன்று. தலைமுறைதோறும் எவரோ ஒருவர் உட்கார்ந்து படியெடுத்ததால். டிஜிட்டலுக்கும் அதுவே விதி.

ஆகவே, காசெட்டுகளை இந்த ஆண்டே கோப்பாக மாற்றுவோம். மாற்றியபின் மூலத்தையும் எறியாதிருப்போம். ஒரு படி இங்கே, ஒன்று ஹார்டு டிஸ்கில், மற்றொன்று வேலூரிலோ சென்னையிலோ உள்ள உறவினரிடம் இருக்கட்டும். பெரியவர்களை அருகில் அமர்த்தி, படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதிக்கொள்வோம். பெயர் தெரியாத முகம் அடுத்த தலைமுறைக்கு அந்நியமே.

எல்லாவற்றிற்கும் மேலாக, நம் வீட்டுப் பெரியவர்களை இன்றே பேசவும் பாடவும் வைத்துப் பதிவு செய்வோம். பின்னணி இசை எதுவும் வேண்டா; அவர்கள் குரலே போதும்.