எறும்பு மேடேறினால் மழை பெய்தது

பக்கத்து வீட்டுப் பெண் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். காலையில் எழுந்ததும் ஒரு கோடு போட்ட நோட்டில் ‘எனக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது, நன்றி’ என்று பக்கம் நிறைய எழுதுகிறாள். கிடைத்துவிட்டதாகவே நினைத்து எழுதினால் கிடைத்துவிடும் என்று தோழிகள் சொன்னார்களாம். போன வாரம் அந்த நோட்டோடு வந்து நின்றாள்.

“ஏனுங்கய்யா, கிடைக்காததைக் கிடைச்சிருச்சுன்னு எழுதுனா அது பொய்யுங்களா?”

காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தமிழ் இலக்கணம் நடத்தியவனிடம் கேட்கிறாள். “காலவழுவமைதின்னு உன்ற பாடத்துலயே இருக்குது கண்ணு” என்றேன். உடனே ஒப்பித்தாள்: ‘குடியரசுத் தலைவர் நாளை தமிழகம் வருகிறார்.’ பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் உள்ள உதாரணம். நாளை என்றால் ‘வருவார்’ என்றல்லவா இருக்கவேண்டும்? வருகை உறுதியானதால் நிகழ்காலத்தில் சொன்னாலும் குற்றமில்லை. அவளுக்குத் திருப்தி, போய்விட்டாள். எனக்குத்தான் நன்னூலை எடுத்துப் பார்க்காமல் இருக்கமுடியவில்லை.

நன்னூலார் நம்ம பக்கத்து மனிதர். பெருந்துறைக்கு அருகே இருக்கிற சீனாபுரம்தான் பவணந்தி முனிவரின் ஊர் என்பது கொங்கு ஆய்வாளர்கள் பலருடைய கட்சி. எனக்கும் அதுவே பிடித்தமானது. விஜயமங்கலத்துச் சமணக் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொள்ள, 13ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய இலக்கண நூல்தான் நன்னூல். ஒரு காலத்தில் நடப்பதை இன்னொரு காலத்தில் வைத்துச் சொல்ல அவர் இடம் கொடுக்கிறார், காரணம் இருந்தால். விரைவு ஒன்று, மிகுதி ஒன்று, தெளிவு ஒன்று. வழக்கத்தில் இயல்பாகவே அப்படி வருவது இன்னொன்று.

விரைவுக்கு உரைகாரர்கள் தரும் உதாரணம் சாப்பாட்டுக்காரன். வாசலில் தோழன் கூப்பிடுகிறான்; இவன் இன்னும் சாப்பிட்டு எழவில்லை. அதற்குள் ‘உண்டேன், வந்தேன்’ என்று குரல் கொடுக்கிறான். சூலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே போனில் “சிங்காநல்லூர் வந்துட்டனுங்க” என்கிறார்களே, அவர்களும் இதே இலக்கணத்துக்கு உட்பட்டவர்கள்தான். தெளிவுக்குச் சொல்லும் உதாரணம்தான் என் மனதை விட்டு அகலாதது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினால் மழை பெய்தது. ‘பெய்யும்’ இல்லை, ‘பெய்தது’. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எறும்பு முட்டையோடு கிளம்பிவிட்டது. அதைக் கண்டவனுக்கு மழை முடிந்துபோன செய்தி.

ஐப்பசிக்கு முன்னால் எங்கள் பெரிய குளத்தங்கரையில் இதைப் பார்க்கலாம். பொரியரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று முட்டைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் கறுப்பாக ஓர் எறும்பு, தன் உடம்பளவு சுமையோடு. ஒன்று தவறவிட்டால் பின்னால் வருவது எடுத்துக்கொள்கிறது.

அந்தப் பெண் எழுதும் ‘கிடைத்துவிட்டது’ விரைவா, தெளிவா? அவள் தோழிகள் சொல்லும் முறைக்கு வெளிநாட்டில் பெரிய பெயர். பார்படோஸ் தீவில் பிறந்து அமெரிக்காவில் சொற்பொழிவாற்றிய நெவில் கோடார்ட் 1944இல் ஒரு சிறு புத்தகமே எழுதினார். ஆசை நிறைவேறிய பிறகு மனம் எப்படி இருக்குமோ அந்த உணர்வில் இப்போதே இரு, மற்றது தானாக வரும் என்பார். அந்தத் ‘தானாக’ என்ற இடத்தில்தான் எனக்குப் பூசலார் குறுக்கே வந்து நிற்கிறார்.

பெரிய புராணத்தில் பூசலாருக்குச் சேக்கிழார் கொடுத்த இடம் மிகக் கொஞ்சம். இருபதுக்கும் குறைவான பாடல்கள். திருநின்றவூர்க்காரர். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. தேடி அலைந்தும் கிடைக்கவில்லை. மனதிலேயே கட்டுவது என்று உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு முறை படித்தாலும் எனக்கு வியப்பாக இருப்பது இதற்கு அடுத்த பகுதி. மனக்கோயில்தானே, ஒரே மூச்சில் கோபுரத்தை நிறுத்திவிட்டுக் கும்பிட்டிருக்கலாம். யார் தடுக்கப்போகிறார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. முதலில் மனதிலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பொருள் சேர்க்கிறார். பிறகு கட்டுமானச் சாமான்கள், பிறகு தச்சர்கள். நல்ல நாள் பார்த்து அடித்தளம் போடுகிறார். இரவிலும் கண்மூடாமல் வேலை நடக்கிறது. ஒவ்வொரு வரிசையாக விமானம் ஏறுகிறது, சிகரம் வைக்கிறார், சுதை வேலை செய்கிறார். கிணறு வெட்டுகிறார், மதில் எழுப்புகிறார், குளம் தோண்டுகிறார். நெடுநாள் கழித்துத்தான் கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கிறார்.

காஞ்சியில் காடவர் கோமான் நிஜமாகவே ஒரு கற்றளி கட்டி, அதே நாளைக் குறித்திருந்தான். சிவன் அவன் கனவில் வந்து, நாளை நின்றவூர்ப் பூசலின் கோயிலுக்குள் போகிறேன், உன் விழாவைத் தள்ளி வை என்கிறார். அரசன் புறப்பட்டு வந்து கேட்கிறான், பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று. ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படி ஒரு கோயிலே இங்கே இல்லை என்கிறார்கள். அரசன் அவரைத் தேடிப்போய்க் கேட்டதும், மனதில் கட்டிய கதையை அவர் சொல்ல, தரையில் விழுந்து வணங்குகிறான். அந்த அரசன் ராஜசிம்மப் பல்லவன், அந்தக் கற்றளி காஞ்சிக் கைலாசநாதர் கோயில் என்பார்கள். ராஜசிம்மன் அசரீரி கேட்டதாக அந்தக் கோயிலின் வடமொழிக் கல்வெட்டும் சொல்கிறது. நின்றவூரில் இன்று இருதயாலீஸ்வரர் கோயில் நிற்கிறது. கருவறையில் லிங்கத்தோடு பூசலாரும் இருக்கிறார்.

கோயில் கிடைத்துவிட்டது என்ற உணர்வில் பூசலார் திளைத்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை. கட்டினார் என்றே சொல்கிறார். சாமான் தேடும் கவலை, ராத்தூக்கம் கெடுவது, சுதை காயும்வரை காத்திருப்பது எல்லாம் அந்தக் கற்பனைக்குள் இருந்தன. 1999இல் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் கலிபோர்னியாவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதாகத் தினமும் கற்பனை செய்யச் சிலரிடம் சொன்னார்கள். உட்கார்ந்து படிப்பதாகக் கற்பனை செய்ய வேறு சிலரிடம் சொன்னார்கள். இரண்டாமவர்கள் தேர்வுக்கு முன்கூட்டியே படிக்கத் தொடங்கி அதிக மதிப்பெண் எடுத்தார்கள். படித்ததும் எனக்குப் பூசலாரின் அடித்தளமும் கிணறும்தான் நினைவுக்கு வந்தன.

ஆசையோடு வேலையையும் சேர்த்தே வைக்கும் இந்தக் குணம் கொங்குக் குடியானவரிடமும் உண்டு. உடுமலைக்குப் பக்கத்தில் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்தில் போய்ப் பாருங்கள். மாடு கன்று நோயில்லாமல் பெருகவேண்டும் என்று மண்ணில் உருவாரம் செய்து கொண்டுவந்து வைப்பார்கள். பசு, காளை, கன்று என்று வண்ணம் பூசிய மண்ணுருவங்கள் வரிசை வரிசையாக நிற்கும். வேண்டுவது எதுவோ அது கண்ணுக்கு முன்னால் உருவமாக வந்துவிடுகிறது. வைத்துக் கும்பிட்டவர் அன்று சாயங்காலமே ஊர் திரும்பிக் கட்டுத்தறிக்குத்தான் போகிறார். தீவனம் போடவேண்டும், தண்ணி காட்டவேண்டும், சாணி அள்ளவேண்டும்.

ஒரு நாட்டு மக்கள் மொத்தமாக இறந்தகாலத்தில் ஆசைப்பட்ட கதையும் நம்மிடம் உண்டு. சுதந்திரம் வந்துசேர்ந்துவிட்டதாகவே வைத்துப் பாரதி ஒரு பள்ளுப் பாட்டு எழுதினார். அவர் 1921இல் காலமானார். சுதந்திரத்துக்கு அப்போது இன்னும் 26 ஆண்டுகள் இருந்தன. ஆனால் அவர் கண்ணெதிரே மழைக்குறி இருந்தது. அவருடைய நண்பர் வ.உ.சி. 1906இல் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அதற்கு விலையாக நம் கோயமுத்தூர் மத்தியச் சிறையில் செக்கிழுத்தார்.

எங்கள் சூலூரிலும் அந்த மழைக்குறி தெரிந்தது. 1942 ஆகஸ்ட் கடைசியில் வட்டாரத்து இளைஞர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் திரண்டுபோய், ராணுவத்துக்காக இங்கே அமைத்துவந்த விமானத்தளத்துக்குத் தீ வைத்தார்கள். கொட்டகைகளும் லாரிகளும் எரிந்தன. பிறகு போலீஸ் ஊர் ஊராக நுழைந்தது. அடி, வழக்கு, பெல்லாரிப் பக்கத்து அலிபுரம் சிறை. பாரதியின் பள்ளை ஏவி.எம். தன் ‘நாம் இருவர்’ படத்தில் சேர்த்தது, டி.கே. பட்டம்மாள் பாடினார். படம் வெளிவந்தது 1947 ஜனவரியில். சிறையிலிருந்து திரும்பிய சூலூர்க்காரர்களில் யாராவது கோயமுத்தூருக்குப் போய் அதைப் பார்த்திருப்பார்கள். சினிமாக் கொட்டகையின் இருட்டில், சுதந்திரம் அடைந்தாயிற்று என்று அந்தக் குரல் பாடியபோது அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை. வெள்ளைக்காரன் கிளம்ப அப்போது ஏழு மாதம் பாக்கி.