வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

2024ஆம் ஆண்டு தை மாதம் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வசிக்கும் எனது பெரியம்மாவின் மகளிடம் விடுமுறையில் போயிருந்தேன். “கடற்கரையும் கடையும் எங்கையும் பாக்கலாம். உனக்கு நான் பாலைவனத்தைக் காட்டுறன்” என்று அக்கா சொன்னார். அத்தான் மூன்று நாட்களுக்கு ஒரு ‘ஆர்.வி.’யை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆர்.வி. என்பது சில்லுப் பூட்டிய வீடு. எங்கள் ஊர் மினிபஸ் அளவான அந்த வண்டிக்குள் கட்டில், காஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் எல்லாம் இருந்தன. அடியில் மூன்று தாங்கிகள். ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்றில் குளித்துக் கழுவிய தண்ணீர், மற்றதில் மலசலகூடக் கழிவு. இப்படியான வண்டிகள் இரவில் தங்குவதற்கென்றே நெடுஞ்சாலை ஓரங்களில் இடங்கள் இருக்கின்றன. அவற்றை ஆர்.வி. பார்க் என்கிறார்கள். அப்படியொரு இடத்தில் நான் தங்கிய ஓர் இரவைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் சென்றது பத்தாம் இலக்க நெடுஞ்சாலை. பசுபிக் கடற்கரையில் தொடங்கி, ஏறத்தாழ 3,950 கிலோமீற்றர் ஓடி, அத்திலாந்திக் பக்கத்திலுள்ள புளோரிடா மாநிலத்தில் முடிகிறது. நகரம் முடிந்து, பேரீச்சந் தோட்டங்களும் முடிந்த பிறகு, சாம்பல் நிறப் பற்றைகளையும் மொட்டை மலைகளையும் தவிர வேறொன்றும் இல்லை. வழியில் சிரியாக்கோ சமிற் என்ற இடத்தில் எரிபொருள் நிரப்ப நிறுத்தினோம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1942இல், ஜெனரல் பற்றன் தனது படைகளை இந்தப் பாலைவனத்திற்தான் பயிற்றுவித்தாராம். அவரது பெயரில் அங்கே ஒரு நூதனசாலை உண்டு. வெளியே பழைய யுத்த டாங்கிகள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் அவற்றின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் அத்தானும் இறங்கிப் போனார்கள். நான் இறங்கவில்லை. அக்கா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவுமில்லை.

கொலராடோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் அரிசோனா மாநிலம் தொடங்குகிறது. அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைத்தோம். ஆற்றிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றரில் குவாட்சைற் என்ற சிற்றூர் வருகிறது. 2020ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இங்கு நிரந்தரமாக வாழ்பவர்கள் ஏறத்தாழ 2,400 பேர்தான். ஆனால் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் பனி கொட்டும் மாதங்களில் இலட்சக்கணக்கானோர் வாகன வீடுகளில் இவ்வூருக்கு வந்து போகிறார்கள். தை மாதத்தில் இரத்தினக்கல், கனிமக்கல் சந்தைகளும் கூடும். ஊரைச் சுற்றியுள்ள வெளி பெரும்பாலும் மத்திய அரசின் காணி. அதன் பல பகுதிகளில் 14 நாட்கள் வரை பணம் கட்டாமல் தங்கலாம். அதன்பின் இடம் மாற வேண்டும். புரட்டாதி நடுப்பகுதியிலிருந்து சித்திரை நடுப்பகுதி வரை, கட்டணம் செலுத்திப் பல மாதங்கள் தங்குவதற்கென ஒதுக்கிய இடங்களும் உண்டு.

நாங்கள் தங்கியது கட்டணம் அறவிடும் தனியார் பார்க் ஒன்றில். ஓர் இரவுக்கு 45 டொலர். அலுவலகத்தில் இருந்தவர் வரைபடமொன்றைத் தந்து, எங்கள் இலக்கத்தை வட்டமிட்டுக் காட்டினார். சரளைக்கல் பரப்பிய வெளியில் வரிசை வரிசையாக வெள்ளை வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் இலக்கமிட்ட ஒரு கட்டை. அதைக் கண்டதும் எனது கால் நின்றுவிட்டது.

2009இல் எனக்குப் பதினேழு வயது. அம்மாவுடன் வவுனியாவில் ஒரு முகாமில் இருந்தேன். அங்கேயும் வெள்ளைக் கூடாரங்கள், வரிசைகள், இலக்கங்கள். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அதை நான் விபரிக்கத் தேவையில்லை. தண்ணீர் பவுசருக்கு வாளிகளை வரிசையில் வைத்ததும், இரவில் மலசலகூடத்துக்குப் போக மூன்று நான்கு பேர் சேரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்ததும் உங்களுக்கும் தெரிந்தவைதானே.

“என்ன பிள்ளை, களைச்சுப் போனியோ?” என்று அக்கா கேட்டார். “ஓம்” என்று மட்டும் சொன்னேன்.

அத்தான் வேலையைத் தொடங்கினார். கட்டையில் இருந்த மின்சாரப் பெட்டியில் வண்டியின் தடித்த வயரைச் செருகினார். தண்ணீர்க் குழாயை ஒரு ஹோஸினால் இணைத்தார். கையுறை போட்டுக்கொண்டு கழிவுக் குழாயையும் நிலத்திலிருந்த வாயில் பொருத்தினார். பத்து நிமிடத்தில் விளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் மழை பெய்யும் இடம் அது. எங்கள் வன்னியில் மாரி மழை ஓர் இரவிலேயே கொட்டிவிடக்கூடிய அளவு. அப்படிப்பட்ட இடத்தில் இலக்கத்துக்கு ஒரு குழாய் இருந்ததை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பொழுதுபட்டதும் குளிர் இறங்கியது. பகலில் மேற்சட்டையே வேண்டியிருக்கவில்லை. இரவில் இரண்டு போர்வை தேவைப்பட்டது. அக்காவின் உடுப்புகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு சலவை அறைக்குப் போனேன். சில்லறைக் காசு போட்டு இயக்கும் இயந்திரங்கள் அங்கே இருந்தன. எந்தக் காசு எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றபோது, எழுபது வயதை நெருங்கிய ஓர் அம்மா வந்து காட்டித் தந்தார். உடுப்புக் கழுவி முடியும் வரை இருவரும் வாங்கில் இருந்து கதைத்தோம். அவர் தனியாக ஒரு வானில் வாழ்கிறார். கணவர் நீண்டகாலம் நோயில் கிடந்து இறந்த பின், கடனுக்கு வீட்டை விற்க வேண்டி வந்ததாம். கிடைக்கும் ஓய்வூதியத்தில் வாடகை கட்டினால் சாப்பாட்டுக்கு மிஞ்சாது. ஆகவே வாடகையை விட்டுவிட்டார். கோடையில் மலைப்பகுதி முகாம் திடல் ஒன்றைப் பராமரிக்கும் வேலை. ஐப்பசியில் வடக்கே சீனி எடுக்கும் பீற் கிழங்கு அறுவடை. மாரியில் இந்தப் பாலைவனம். பெரும்பாலும் இலவசக் காணியில்தான் தங்குவாராம். கிழமைக்கொருமுறை குளிக்கவும் தோய்க்கவும் இங்கே வருவார்.

2008ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இவரைப் போலத் தெருவில் வாழத் தொடங்கிய மூத்தவர்களைப் பற்றி ஜெசிக்கா புரூடர் என்ற பத்திரிகையாளர் எழுதிய ‘நோமட்லாண்ட்’ என்ற புத்தகம் 2017இல் வெளிவந்தது. அதை வைத்து எடுத்த திரைப்படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. “படம் வந்த பிறகு, நான் ஏதோ சுதந்திரப் பறவை என்று எல்லோரும் நினைக்கிறார்கள்” என்று அந்த அம்மா சிரித்தார். “காலையில் கண் விழித்ததும் மலையைப் பார்க்கிறேன், அது உண்மை. பல்லுக் கட்டக் காசில்லை, அதுவும் உண்மை.”

உடுப்புக் கூடையைத் தூக்க உதவி செய்து அவரது வான் வரை போனேன். வானின் முகம் வெளிவழியைப் பார்த்தபடி நின்றது. பின்னுக்கு எடுக்காமல் ஒரே ஓட்டமாக ஓட்டிக்கொண்டு போவதற்காக, எங்கே நின்றாலும் அப்படித்தான் நிறுத்துவாராம். வாசலில் இரண்டு மடக்குக் கதிரைகள். அவற்றின் கீழே ஓர் ஆணின் மிகப் பெரிய சப்பாத்துச் சோடி, சேறு காய்ந்தபடி.

“யாரும் உங்களோடு இருக்கிறாரா?” என்று கேட்டேன்.

“இல்லை. பழைய சாமான் கடையில் மூன்று டொலருக்கு வாங்கினேன். இருட்டில் வருகிறவன் உள்ளே பெரிய மனிதன் ஒருவன் இருக்கிறான் என்று நினைக்கட்டும். இங்கே தேவையில்லை, விளக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் பழகிவிட்டது.”

எனக்குப் பேச்சு வரவில்லை. கிளிநொச்சிப் பக்கம் நான் வேலை செய்யும் கிராமமொன்றில் ஓர் அக்கா இருக்கிறார். 2009இல் கணவரை இழந்தவர், இரண்டு பெண்பிள்ளைகள். அவரது கொடியில் எப்போதும் ஓர் ஆண் சாரம் காயும். முதல்தடவை போனபோது அவர் மறுமணம் செய்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். பிறகுதான் சொன்னார்: “அது அவற்றை சாரம் தங்கச்சி. கிழமைக்கொருக்கா நனைச்சுக் காயப்போடுவன். றோட்டால போறவை பாக்கட்டும்.”

இந்தக் கதையை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் கனநேரம் எனது கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, “அவளுக்கு உள்ளே இருந்து பூட்டும் கதவு இருக்கிறதா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. ஐந்து வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். வாழ்வாதாரம், பிள்ளைகளின் படிப்பு, மாதச் சேமிப்பு எல்லாம் கேட்டுப் படிவம் நிரப்பியிருக்கிறேன். கதவைக் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது ‘வீடு’ என்பதற்கு எத்தனையோ வரைவிலக்கணம் எழுதிப் புள்ளி வாங்கியவள் நான்.

அன்றிரவு நித்திரை வரவில்லை. இரண்டு மணியளவில் வெளியே போகவேண்டும் போல் இருந்தது. வண்டிக்குள்ளேயே மலசலகூடம் இருந்தது. ஆனாலும் பொதுக் குளியலறைக் கட்டடம் வரை தனியே நடந்து பார்க்க மனம் சொன்னது. தாழ்ப்பாளை நானே திறந்தேன். ரோச் லைற்றுடன் இறங்கினேன். வழி நெடுகத் தாழ்வான விளக்குகள். வானத்தில் அவ்வளவு நட்சத்திரம். எங்கோ தூரத்தில் கயோட்டிகள், நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை, ஊளையிட்டன. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனாலும் திரும்பவில்லை. ஏறத்தாழ நூறு யார் தூரம். போய், முகம் கழுவி, திரும்பி வந்தேன். யாரும் மறிக்கவில்லை. யாரும் பின்னால் வரவில்லை. பதினேழு வயதில் செய்ய முடியாமற்போன ஒரு காரியத்தை முப்பத்திரண்டு வயதில் செய்தேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

“எங்கை போனனீ?” என்று அக்கா இருட்டில் கேட்டார்.

“சும்மா, வெளியிலை.”

காலையில் ஊர்ச் சுடலைக்குப் போனோம். 1856இல் அமெரிக்க இராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றோடு வந்த ஹாஜி அலி என்பவரின் கல்லறை அங்கே இருக்கிறது. அவரது பெயர் வாயில் நுழையாமல் ‘ஹாய் ஜாலி’ என்று ஆக்கிவிட்டார்கள். 1902இல் இவ்வூரில் இறந்த அவருக்குக் கற்களால் ஒரு சிறு பிரமிட் கட்டி, உச்சியில் ஓர் ஒட்டகத்தையும் வைத்திருக்கிறார்கள். திரும்பும்போது அந்த அம்மாவின் வான் நின்ற இடம் வெறுமையாக இருந்தது. கதிரைகளும் இல்லை, சப்பாத்தும் இல்லை. தான் நினைத்த நேரம் போயிருக்கிறார்.

அந்த வாழ்க்கையை நான் புகழ வரவில்லை. ஒரு செல்வந்த நாடு முதுமையில் ஒரு பெண்ணை வானில் வாழ விடுவது பெருமைக்குரிய விடயம் அல்ல. ஆனால் தனித்த பெண் ஓர் இரவைப் பயமின்றிக் கழிக்க என்னென்ன வேண்டும் என்பதை அந்த இடத்தில் கண்டேன். பக்கத்தில் தண்ணீர், வழியில் வெளிச்சம், உள்ளே இருந்து பூட்டும் கதவு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அயல், விரும்பியபோது வெளியேறும் உரிமை. இவை இல்லாத இடத்திற்தான் சப்பாத்தும் சாரமும் காவல் இருக்கின்றன.

ஊர் திரும்பியதும் அந்த அக்காவிடம் போனேன். கொடியில் சாரம் வெளுத்துப்போய்க் கிடந்தது. சப்பாத்துக் கதையைச் சொன்னேன். “அங்கத்தைப் பொம்பிளையளும் உப்பிடியே?” என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கதவைக் காட்டச் சொன்னேன். தாழ்ப்பாள் உடைந்து, இரவில் அம்மிக்கல்லை உருட்டி முட்டுக்கொடுத்து வந்திருக்கிறார். அயலில் கேட்டுப் பார்த்தபோது இன்னும் ஆறு வீடுகளில் அதே நிலை. மாதர் சங்கச் சேமிப்பிலிருந்து ஏழு தாழ்ப்பாள்கள் வாங்கினோம். ஒரு சகோதரியின் மகன் தச்சு வேலை தெரிந்தவன். ஒரே நாளில் பூட்டித் தந்தான்.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் சேமிப்புக் கணக்கை வாசித்து முடித்ததும் ஒருவரையொருவர் கேளுங்கள்: உன் கதவு உள்ளே பூட்டுமா?

அந்த அக்கா சாரத்தை இன்னும் கழற்றவில்லை. “கிடக்கட்டும், அவற்றை ஞாபகத்துக்கு” என்கிறார்.